குலுக்கல் நீக்கப்பட்ட சாலை

ஒரு வண்டி குலுங்கினால் அதற்குக் காரணம் இரண்டில் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும். சாலை சரியில்லை, அல்லது வண்டி சரியில்லை. இதில் எது சரியில்லை என்று முடிவு செய்கிற அதிகாரம் வண்டியில் போகிறவர்களுக்குக் கிடையாது. அதற்கென்று ஆபீஸ் இருக்கிறது. ஆபீசில் ஃபேன் இருக்கிறது. ஃபேனுக்குக் கீழே அதிகாரி இருக்கிறார். இது தெரியாமல் எங்கள் புளியங்குடிக்காட்டு ஜனங்கள் ரொம்ப வருஷமாகச் சாலையையே குறை சொல்லிக்கொண்டிருந்தோம்.

அரியலூரிலிருந்து எங்கள் ஊருக்கு வருகிற சாலையில் சுண்ணாம்புக்கல் லாரிகள் ராவும் பகலும் ஓடும். எங்கள் காலுக்கு அடியில் இருக்கிற கல்லைத் தோண்டி, சிமெண்டு ஆக்கி, ஊர் உலகத்துக்கெல்லாம் ரோடு போடுகிறார்கள். கல் போகிற ரோட்டுக்கு மட்டும் சிமெண்டு எட்டவில்லை. அதை நாங்கள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வீட்டிலும் சமைக்கிறவள்தானே கடைசியில் சாப்பிடுகிறாள்.

பள்ளங்களுக்குப் பெயர் வைத்து, அதை வைத்தே வழி சொல்லப் பழகியிருந்தோம். எருமை விழுந்த பள்ளம், மாப்பிள்ளை விழுந்த பள்ளம், மேடை மாதிரி நடுவில் திட்டு விட்ட இரட்டைப் பள்ளம். ஊருக்கு வந்துகொண்டிருந்த டவுன் பஸ் ஒருநாள் எருமைப் பள்ளத்தில் இறங்கி அச்சு முறிந்து நின்றது. அதோடு பஸ்ஸையும் நிறுத்திவிட்டார்கள்.

எல்லாருக்கும் கஷ்டம்தான். ஆனால் எதிர்வீட்டுக் காத்தாயி அக்காவுக்கு அவசரம். அக்காவுடைய ஒரே மகள் மேகலாவைப் பெரம்பலூரில் கட்டிக் கொடுத்திருந்தது. தலைப்பிரசவம். வளையல் போட்ட கையோடு அம்மா வூட்டுக்கு அழைத்து வருவதுதான் எங்கள் பக்கத்து வழக்கம். பெரம்பலூர் டாக்டரம்மா ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டார். "எங்க வேணா கூட்டிட்டுப் போங்க. குலுங்காம கூட்டிட்டுப் போங்க."

இதைக் கேட்டதும் மேகலாவின் மாமியார், "அதுக்கென்ன சம்பந்தி, உங்க ஊரு ரோடு எப்பவும் உள்ளதுதானே. புள்ள இங்கேயே இருக்கட்டும்" என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். அந்த மரியாதை காத்தாயி அக்காவுக்குச் சோறு இறங்க விடவில்லை.

"பெத்த பொண்ணுக்கு ஒரு தலைப்பிரசவம் பாக்க வக்கில்லாதவன்னு ஆயிடுச்சு பாத்தியா" என்று என்னிடம் வந்து உட்கார்ந்துகொண்டது. நான் மாரியாத்தாளுக்கு விளக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். அக்காவுக்காகவும் ஒரு திரி போட்டுவிட்டு, "திங்கக்கிழமை மனு கொடுப்போம் வா" என்றேன்.

திங்கட்கிழமை போய் மனு கொடுத்தோம். சாலையைச் செப்பனிட வேண்டும் என்று எங்கள் வார்டு மெம்பர் ஜெயசித்ரா அழகான கையெழுத்தில் எழுதியிருந்தாள். மனு ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்குப் போய், அங்கிருந்து மாடிக்கு ஏறி, பயண நலப் பிரிவு என்கிற இடத்தில் போய் நின்றது. அப்படி ஒரு பிரிவு இருப்பது எங்களுக்கு அன்றைக்குத்தான் தெரியும். மனு வந்த பிறகுதான் அவர்களுக்கும் தெரிந்தது போல இருந்தது.

அதன் அதிகாரி குருநாதன் சார் நேரில் வந்தார். நல்ல மனுஷர். யாரையும் ஒருமையில் பேச மாட்டார். ஜீப்பை எருமைப் பள்ளத்துக்கு முன்பே நிறுத்திவிட்டு, பேண்ட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடந்தே வந்தார்.

"அம்மா, உங்க மனுவுல ஒரு குழப்பம் இருக்கு" என்றார். "பள்ளம் இருக்குன்னு சொல்றீங்களா, குலுங்குதுன்னு சொல்றீங்களா?"

"பள்ளம் இருக்குங்க. அதனால குலுங்குதுங்க" என்றது அக்கா.

"ரெண்டையும் சேக்கக் கூடாது. பள்ளம் வேற ஆபீஸ். குலுக்கல்தான் நாங்க. இப்ப நான் நடந்து வந்தேனே, குலுங்கினேனா?"

"இல்லீங்க. சுத்திக்கிட்டு வந்தீங்க."

"ஆக, பள்ளம் யாரையும் குலுக்கல. அது பாட்டுக்குக் கிடக்குது. வண்டிதான் போய்க் குலுங்குது."

பக்கத்தில் நின்ற அமாவாசை மாமா தன் மொபெட்டைத் திரும்பிப் பார்த்தார். இத்தனை நாளும் அதை நம்பி மோசம் போனோமே என்று இருந்தது அவர் முகம்.

"வண்டிய யாரு குலுங்கச் சொன்னது?" என்று குருநாதன் சார் கேட்டார். "குலுக்கல நீக்கிட்டா, பள்ளம் நீங்கினதாகத்தான் பொருள். இதுதான் இனி அரசின் அணுகுமுறை."

மறுமாதமே பஸ் வந்தது. வாழை மரம் கட்டி, டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து, பூசணிக்காய் உடைத்துத்தான் ஊருக்குள் விட்டோம். அது சாதாரண பஸ் இல்லை. பெரம்பலூரில் புறப்பட்டு, அரியலூர் வந்து, அங்கிருந்து எங்கள் ஊருக்கு வரும். காலையில் ஒரு நடை, சாயங்காலம் ஒரு நடை. நான்கு சக்கரத்துக்கும் மேலே குழாய் மாதிரி மினுமினுவென்று ஷாக் அப்சார்பர். ஒவ்வொன்றுக்கும் கரண்டு ஒயர்.

அதைப் பொருத்திய கம்பெனியிலிருந்து கவியா என்று ஒரு இன்ஜினியர் பொண்ணு வந்திருந்தது. என் சின்ன மகள் வயசுதான் இருக்கும். கண்ணாடிக் குடுவையில் கறுப்பாக ஒரு எண்ணெயை வைத்துக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் சொல்கிற மாதிரி பொறுமையாகச் சொன்னது.

"இந்த எண்ணெய்க்குள்ள மாவு மாதிரி தூள் மிதக்குதுங்க. கரண்டு இல்லாதப்ப தூள் பாட்டுக்குச் சிதறிக் கிடக்கும், எண்ணெய் கஞ்சித் தண்ணியாட்டம் ஓடும். கரண்டு விட்ட உடனே தூளெல்லாம் ரேஷன் கடை வரிசை மாதிரி ஒண்ணு பின்னாடி ஒண்ணா நின்னுடும். எண்ணெய் களியாட்டம் கெட்டியாயிடும். நிறுத்தினா மறுபடி தண்ணி. கண் இமைக்கிறதுக்குள்ள மாறிடும். சின்னக் குழிக்கு இளகிக் கொடுக்கும், பெரிய பள்ளத்துக்கு இறுகித் தாங்கும்."

"எங்க ரேஷன் கடையில கரண்டு இருந்தாலும் வரிசை நிக்காதே" என்றாள் ஜெயசித்ரா.

"அது மனுசங்கக்கா" என்றது கவியா.

பொய் சொல்லக் கூடாது. பஸ் உண்மையிலேயே நன்றாகத்தான் போனது. முதல் நாள் ஜெயசித்ரா கோயிலுக்குப் பால்குடம் எடுத்துக்கொண்டு ஏறினாள். எருமைப் பள்ளம், மாப்பிள்ளைப் பள்ளம், இரட்டைப் பள்ளம் எல்லாம் தாண்டியும் ஒரு சொட்டு சிந்தவில்லை. காத்தாயி அக்கா ஜன்னல் வழியாகப் பள்ளங்களைப் பார்த்துக்கொண்டே வந்தது. அழுத மாதிரி இருந்தது. கேட்டதற்கு, தூசி விழுந்துவிட்டது என்றது. ஜன்னல் கண்ணாடி சாத்தியிருந்தது.

அன்றைக்கே பெரம்பலூருக்குப் போன் போட்டு, "சம்பந்தி, எங்க ஊரு பஸ்ஸுக்குக் கரண்டு எண்ணெய் போட்டிருக்கு" என்று சொல்லிவிட்டது. மாமியார் அதை இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டாராம்.

கஷ்டம் என்னவென்றால், டிரைவர் பக்கத்தில் ஒரு திருகு வைத்திருந்தார்கள். மென்மை, நடுத்தரம், உறுதி என்று மூன்று நிலை. தானாகவே மாறிக்கொள்கிற எண்ணெய்க்கு இது எதற்கு என்று கவியாவே கேட்டதாம். மக்கள் பங்கேற்பு இல்லாமல் ஒரு திட்டம் எப்படி நிறைவு பெறும் என்று குருநாதன் சார் சொல்லிவிட்டார். அதனால் கண்டக்டர் வேல்முருகன் டிக்கெட்டும் கொடுத்து, ஓட்டும் எடுக்க வேண்டியிருந்தது.

"மென்மைக்குக் கை தூக்குங்க."

"யோவ், மென்மையில வைக்காத. தொட்டில்ல போட்ட மாதிரி ஆடுது, எனக்கு வாந்தி வருது" என்பார் ஒருத்தர்.

"உறுதியில வச்சா என் இடுப்பு போயிடும் தம்பி."

"அப்ப நடுத்தரத்துல வைக்கிறேன்."

"அது எதுக்கு, ரெண்டு பேருக்கும் ஆகாம?"

சில நாள் கைகள் சமமாகப் போய்விடும். அப்போது யார் பக்கம் சேர்வது என்று கடைசி சீட்டுக்காரர்கள் பேச்சுவார்த்தை நடத்துவார்கள். முடிவு தெரிகிற வரைக்கும் பஸ் ஓரமாக நிற்கும். நிற்கிற பஸ்ஸில் குலுக்கலே கிடையாது என்பதால் யாரும் குறை சொல்லவில்லை.

கொஞ்ச நாளில் இது பெரிய மோஸ்தர் ஆகிவிட்டது. அரியலூர் டவுனில் பையன்கள் பைக்கின் ஷாக் அப்சார்பரில் ஒரு சிவப்பு ஒயரைச் சுற்றிக்கொண்டார்கள். ஒயரின் மறுமுனை எங்கே போகிறது என்று கேட்டால் கோபித்துக்கொண்டார்கள். ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளை வீட்டார், வண்டி கொடுத்தால் கரண்டு எண்ணெய் வண்டியாகக் கொடுங்கள் என்று நின்றார்கள். பொண்ணு வீட்டார் சாதா வண்டியையே வாங்கி, ஒயர் சுற்றிக் கொடுத்தார்கள். மாப்பிள்ளை ஓட்டிப் பார்த்துவிட்டு வித்தியாசம் நன்றாகத் தெரிகிறது என்றார்.

அமாவாசை மாமாவும் மொபெட்டுக்கு ஒயர் சுற்றினார். போதாது என்று வீட்டுக் கயிற்றுக் கட்டிலின் நாலு காலுக்கும் சுற்றினார்.

"கட்டில் எங்க மாமா போகப்போகுது?" என்று கேட்டேன்.

"நீ ஒண்ணு. எல்லாரு வூட்லயும் இருக்குது. நம்ம வூட்ல இல்லன்னா நாலு பேரு என்ன நினைப்பாங்க" என்றார்.

மேகலாவை அழைத்து வர நாள் குறித்தாகிவிட்டது. வெள்ளிக்கிழமை, நல்ல முகூர்த்தம். அந்த வாரம்தான் காத்தாயி அக்காவுக்குப் புதுக் கவலை பிடித்தது.

"எல்லாம் சரி. அன்னிக்குப் பாத்து கரண்டு நின்னு போச்சுன்னா?"

"அது பஸ் பேட்டரிக்கா. நம்ம வூட்டுக் கரண்டு இல்ல."

"கரண்டு கரண்டுதானே. மேகம் கருத்தாலே நிறுத்துறாங்க. அத நம்பிப் புள்ளத்தாச்சிய ஏத்த முடியுமா?"

எங்கள் ஊரில் பிறந்து வளர்ந்த யாருக்கும் இந்தக் கேள்வியில் தப்புத் தெரியாது. எனக்கும் தெரியவில்லை. நூறு நாள் வேலைக்குப் போகிற பொம்பளைகள் எல்லாரும் வேலை முடிந்த கையோடு ஒரு சாயங்காலம் கூடினோம். லாரியிலிருந்து சிந்திக் கிடந்த கல்லையும் செம்மண்ணையும் கூடை கூடையாகக் கொட்டி, தண்ணீர் தெளித்து, திமிசு போட்டு இடித்துப் பள்ளங்களையெல்லாம் மூடிவிட்டோம். காலங்காலமாக மூடச் சொல்லி மனு கொடுத்ததை ஒரு பொழுதில் மூடிவிட்டோமே என்று எங்களுக்கே கொஞ்சம் கூச்சமாக இருந்தது.

மறுநாள் காலை பஸ் வழுவழுவென்று வந்து போனது. மத்தியானமே குருநாதன் சாரின் ஜீப் வந்துவிட்டது. பள்ளம் இல்லாததால் வீடு வரைக்குமே வந்துவிட்டது. கவியாவும் கூட வந்திருந்தது.

விஷயம் இதுதான். தாங்கிய குலுக்கல் எவ்வளவு என்று பஸ் தானாகவே ஆபீஸ் கம்ப்யூட்டருக்குச் சொல்லுமாம். அன்றைக்கு ஒன்றுமே சொல்லவில்லையாம்.

"கருவி வேலை செய்யலயா?" என்று குருநாதன் சார் கேட்டார்.

"நல்லாத்தான் இருக்கு சார். அதுக்கு வேலைதான் இல்ல" என்றது கவியா.

"வேலை இல்லாத ஒண்ண அரசாங்கத்துல வச்சுக்க முடியாது."

அமாவாசை மாமா இருமினார். "அது என்னங்க சார், கருவிக்கு மட்டும் தனிச் சட்டம்?"

குருநாதன் சார் அதைக் காதில் வாங்கவில்லை. "பள்ளத்தைச் சேதப்படுத்தினது யாரு?" என்றார்.

எல்லாரும் தரையைப் பார்த்தோம். காத்தாயி அக்கா முன்னால் வந்தது. "நான்தாங்க. பொண்ணு வயித்தோட வருது. ஒரு பயத்துல மூடிட்டேன். மன்னிச்சுக்கங்க."

"அம்மா, உங்க உணர்வு புரியுது. ஆனா இந்தப் பள்ளங்களை ஆதாரமா வச்சுத்தான் உங்க ஊருக்குப் பஸ் ஒதுக்கப்பட்டிருக்கு. பள்ளம் இல்லாத ஊருக்கு இந்தப் பஸ் ஏன்னு மேலே கேட்டா நான் என்ன சொல்வேன்? உடையார்பாளையம் பக்கம் கேட்டுக்கிட்டே இருக்காங்க. அங்க பள்ளமெல்லாம் ஒழுங்கா இருக்கு. ஜனங்க கை வைக்கிறதில்ல. புதன்கிழமையோட வண்டிய அங்க மாத்திடலாம்னு இருக்கேன்."

அக்காவுக்கு முகம் வெளுத்துவிட்டது. வெள்ளிக்கிழமை மேகலா வர வேண்டும். இந்தப் பஸ் போனால் வேறு பஸ் கிடையாது. ஷேர் ஆட்டோவில் அந்தப் பிள்ளையை ஏற்ற முடியாது. பெரம்பலூர் மாமியார் ஒன்றும் சொல்ல மாட்டார், அப்படியா சம்பந்தி என்று மட்டும் கேட்பார். அதுதான் பயம்.

கவியா மெதுவாக, "சார், மூடினதுக்கு மேலயே தாரப் போட்டுட்டா சாதாரண பஸ்ஸே..." என்று இழுத்தது.

"ரோடு போட்டுட்டா இந்தப் பஸ் எதுக்கும்மா? பஸ் இல்லன்னா பிரிவு எதுக்கு? பிரிவு இல்லன்னா நான் எ..." குருநாதன் சார் அங்கேயே நிறுத்திக்கொண்டார். ஆபீசில் இருக்கிறவர்கள் அந்தக் கேள்வியை முழுசாகக் கேட்டுப் பார்க்கக் கூடாது.

காத்தாயி அக்கா உள்ளே போய் மண்வெட்டியை எடுத்து வந்தது.

"எவ்வளவு ஆழம் வேணும்னு சொல்லுங்க சார்" என்றது.

அன்றைக்கு அக்கா தோண்டிய தோண்டலை நான் எந்த வேலையிலும் பார்த்ததில்லை. நாங்களும் இறங்கினோம். பழைய பள்ளங்கள் லாரிக்காரன் போட்டது, கோணல்மாணலாக இருக்கும். இப்போது ஓரம் செதுக்கி, அடி சமமாக, பார்க்கவே லட்சணமாக வந்தது. குருநாதன் சார் ஒவ்வொன்றாக எட்டிப் பார்த்து, "இதுதான் தகுதியுள்ள பள்ளம்" என்றார். அதுவரைக்கும் எங்கள் ஊரில் எதையும் யாரும் தகுதியுள்ளது என்று சொன்னதில்லை. எங்களுக்கு உள்ளுக்குள் பெருமையாகத்தான் இருந்தது. கவியா மட்டும் ஜீப்பில் போய் உட்கார்ந்துகொண்டது.

இரண்டு நாளில் ஒவ்வொரு பள்ளத்துக்குப் பக்கத்திலும் இரும்புப் பலகை நட்டார்கள். "இப்பள்ளம் அரசுக்குச் சொந்தமானது. மூடுவோர் மீது நடவடிக்கை எடுக்கப்படும்." புறம்போக்கு நிலத்தை வளைத்துப் போட்டவன் மேல்கூட இவ்வளவு சீக்கிரம் பலகை வைத்துப் பார்த்ததில்லை.

வெள்ளிக்கிழமை மேகலா வந்தாள். இரண்டு கை நிறைய வளையல். ஜன்னல் சீட்டில் மாமியாரும் கூடவே. எங்கள் ஊர்த் திருப்பம் வந்ததும் வேல்முருகன் வழக்கம்போல, "மென்மைக்குக் கை தூக்குங்க" என்றார். பஸ்ஸில் இருந்த அத்தனை கையும் மேலே போனது. வாந்தி வருகிறது என்று சண்டை போடுகிறவர்கூட ஒரு கையால் வாயைப் பொத்திக்கொண்டு மறு கையைத் தூக்கினார். இப்படி ஒரு கருத்தொற்றுமையை அவர் சர்வீசில் பார்த்ததில்லையாம்.

வளையல்கூடச் சத்தம் போடாமல் பஸ் பள்ளங்களைத் தாண்டி வந்தது. இறங்கும்போது மாமியார், "பள்ளமெல்லாம் நல்லா இருக்கு சம்பந்தி" என்றார். காத்தாயி அக்கா தலையைக் குனிந்துகொண்டு, "ஏதோ எங்களால முடிஞ்சது" என்றது.

அப்புறம் நாட்கள் நல்லபடியாகப் போயின. மேகலாவுக்கு வலி கண்டது ஒரு மத்தியானம். டாக்டர் சொன்ன தேதிக்கு முன்னாலேயே வந்துவிட்டது. காலை பஸ் போய் ரொம்ப நேரமாகியிருந்தது. சாயங்கால பஸ் வர இன்னும் ரொம்ப நேரம் இருந்தது. ஆம்புலன்சுக்குப் போன் போட்டோம். நல்ல பிள்ளைகள், உடனே வந்துவிட்டார்கள். ஆனால் ஊருக்குள் வரவில்லை. எருமைப் பள்ளத்துக்கு அந்தப் பக்கமே நின்றுவிட்டார்கள்.

நாங்கள் ஓடினோம். ஆம்புலன்ஸ் டிரைவர் இறங்கிப் பள்ளத்தை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னம்மா இது, பள்ளமா கிணறா?"

"அரசுப் பள்ளம் தம்பி" என்றாள் ஜெயசித்ரா.

"தினமும் பஸ் வருதுன்னு சொன்னாங்க?"

"பஸ்ஸுக்குக் கரண்டு எண்ணெய் இருக்கு. இறங்கி ஏறிடும்."

"எனக்குச் சாதா எண்ணெய்தாம்மா. இதுல இறக்கினா வண்டியும் போகும், உள்ள இருக்கறவங்களும் போவாங்க."

ஜெயசித்ரா குருநாதன் சாருக்குப் போன் போட்டாள். எல்லாரும் கேட்கட்டும் என்று சத்தமாக வைத்தாள்.

"ஆம்புலன்ஸ் குலுக்கல் எங்க பிரிவுல வராதேம்மா" என்றார் அவர். குரலில் உண்மையான வருத்தம் இருந்தது. "சாயங்கால பஸ் வர்ற வரைக்கும் கொஞ்சம் பொறுத்துக்கச் சொல்லுங்களேன்."

"நாங்க பொறுத்துக்குவோம் சார். பொறக்கப் போற புள்ளைக்கு யாரு சொல்றது?"

"அப்ப ஒரு மனு கொடுத்து வைங்க. திங்கக்கிழமை பாக்கிறேன்."

நான் அக்கா வூட்டுக்குத் திரும்பி ஓடினேன். உள்ளே மேகலா முனகுகிற சத்தம் தெருவுக்குக் கேட்டது. காத்தாயி அக்கா மகளையும் விட முடியாமல், பள்ளத்துக்கும் ஓட முடியாமல் வாசலிலேயே நின்றது. என்னைப் பார்த்தது. நான் மாரியாத்தாளை நினைத்துக்கொண்டு கூடையை எடுத்தேன்.

அப்புறம் யாரும் யாருக்கும் சொல்லவில்லை. கூடை, அன்னக்கூடை, சட்டி, முந்தானை, எது கிடைத்ததோ அதில் மண் வந்தது. அமாவாசை மாமா துண்டில் கல்லைக் கட்டிச் சுமந்தார். தன் கட்டிலைத் தூக்கி வந்து ஒரு பள்ளத்தில் போட்டுவிட்டு, அது தாங்காது என்று நாங்கள் சொன்னதும், ஒயர் இருக்கிறதே என்றார். எடுத்துத் தூரப் போட்டோம். ஆம்புலன்ஸ் பிள்ளையும் இறங்கி மண் தள்ளியது. மண் இறுகாத இடத்தில் அந்த இரும்புப் பலகைகளைப் பிடுங்கி மேலே படுக்கப் போட்டோம். நடவடிக்கை எடுக்கப்படும் என்கிற எழுத்தின் மேல் ஆம்புலன்ஸ் சக்கரம் மெதுவாக ஏறி இறங்கியது. ஊருக்குள் வந்து மேகலாவை ஏற்றிக்கொண்டு, வந்த வழியே திரும்பிப் போனது. உள்ளே காத்தாயி அக்கா மகளின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தது. துளிக்கூட ஆட்டம் இல்லை. நாங்கள் அது கண்ணுக்கு மறைகிற வரைக்கும் பார்த்துக்கொண்டு நின்றோம்.

அப்புறம்தான் சாலையைப் பார்த்தோம். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் சமமாகக் கிடந்தது. சாய்ந்த வெயில் அதன் மேல் தடங்கல் இல்லாமல் நீண்டு விழுந்திருந்தது.

"நல்லாத்தான் இருக்கு இல்ல?" என்றாள் ஜெயசித்ரா.

"ம்" என்றோம்.

எல்லார் மனசிலும் ஒரே நினைப்புதான் ஓடியது என்று நினைக்கிறேன். அது நல்ல நினைப்புதான். இன்னும் கொஞ்ச நேரம் விட்டிருந்தால் யாராவது அதை வாய்விட்டுச் சொல்லியிருப்பார்கள்.

அதற்குள் அமாவாசை மாமா, "சாயங்கால பஸ் வர்ற நேரம் ஆச்சே" என்றார்.

ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டோம். அவரவர் மண்வெட்டியைத் தேடி எடுத்தோம். நானும்தான் எடுத்தேன்.

கடைசிப் பலகையை மறுபடி நட்டு மண்ணை மிதித்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது. காத்தாயி அக்கா.

"பேத்தி பொறந்துட்டா. தாயும் புள்ளையும் நல்லா இருக்காங்க. ஆத்தா காப்பாத்திட்டா."

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. எல்லாருக்கும் சொன்னேன். ஜெயசித்ரா குலவை போட்டாள்.

"இந்தா, ஒண்ணு கேக்கணும்" என்றது அக்கா. குரல் இறங்கியது. "ஆஸ்பத்திரியிலேர்ந்து இவங்கள பஸ்லதான் கூட்டியாரணும். பச்சப் புள்ள, குலுங்கக் கூடாது பாரு. நீங்க பாட்டுக்குப் பள்ளத்த அப்படியே மூடி விட்டுட்டீங்களோன்னு எனக்கு இங்க இருப்பே கொள்ளல."

"அப்படி விடுவோமாக்கா? எல்லாத்தையும் தோண்டியாச்சு. முன்னயவிட ஒரு சாண் ஆழமாவே இருக்கு. நீ நிம்மதியா வா."

அந்தப் பக்கம் அக்கா மூச்சு விடுகிற சத்தம் கேட்டது.

"நல்லா இருங்கடி" என்றது. "இப்படி ஒரு ஊருக்கு வர என் பேத்தி கொடுத்து வச்சிருக்கா."